பார்த்து வரைந்ததா, திருடி வரைந்ததா?



சென்ற தீபாவளி விடுமுறை முடிந்ததும் என் மாணவன் ஒருவன், தானே செய்த சீட்டுக்கட்டைக் கொண்டு வந்தான். பால் டின்கள் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிச் செய்தது. ராஜாக்களின் முகத்தைப் பார்த்ததும், "இது நம் கேரித் தீவு மாமேரி மக்களின் முகமூடி அல்லவா? காப்பியடித்தாயா?" என்று அதட்டிவிட்டேன். பையன் கண் கலங்கினான்.

நாம் ஆடும் சீட்டே காப்பியில் பிறந்ததுதான். 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரிலிருந்து வந்த சீட்டுகளைப் பார்த்தே ஆங்கிலேயர் தங்கள் சீட்டுகளைச் செய்தார்கள். அதில் ஆட்டின் ராஜா கையில் கோடரி இருந்தது. பார்த்துப் பார்த்துச் செதுக்கியதில் கோடரியின் தலை காணாமற்போய், இன்று அவர் தம் தலையிலேயே கத்தியைச் செருகி நிற்கிறார்! பொருள் புரியாமல் காப்பியடித்தால் இதுதான் கதி.

மாமேரி மக்களும் முன்னோர் வடிவங்களைப் பார்த்தே மரத்தில் செதுக்குகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மோயாங்கின், அதாவது முன்னோர் ஆவியின், கதை உண்டு. கதையறிந்து, பெயர் சொல்லிச் செய்தால் மரியாதை. மறைத்து விற்றால் களவு.

பிறகுதான் மாணவனின் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். "சுங்கை பும்புன் தாத்தா செதுக்கியதைப் பார்த்து வரைந்தது" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தான். வகுப்பின் முன்னே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பெற்றோர்களே, பிள்ளை எதையாவது பார்த்து வரைந்தால் என்னைப்போல் அதட்டாதீர்கள். "யார் செய்ததைப் பார்த்து வரைந்தாய்?" என்று முதலில் கேளுங்கள்.