கொரோனாவில் கொழித்த மளிகை ஆப்கள்... பணம் போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

திருச்செந்தூரிலிருந்து ஒரு வாசகர் மெயில் அனுப்பியிருந்தார். கோயில் பக்கத்தில் பனங்கற்கண்டு, சில்லுக்கருப்பட்டி, சிப்பி மாலை விற்கும் கடை அவருடையது. மெயிலில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

"2020-ல கோயில்ல ஆள் விடாம நிறுத்தினதும் எங்க கடையையும் சாத்தியாச்சு. அஞ்சு மாசம் ஒத்த ரூபா யாவாரம் இல்ல. அதே அஞ்சு மாசத்துல ஆன்லைன் மளிகைக்காரங்க கோடி கோடியா சம்பாதிச்சாங்க. மறுபடியும் அப்படி ஒரு நோய் வந்தா, நான் அந்தப் பக்கம் இருக்கணும்னு நினைக்கேன். கையில மூணு லட்சம் இருக்கு. எந்தக் கம்பெனி பங்கு வாங்கலாம்?"

அவர் ஆதங்கம் நியாயமானது. 2020 மார்ச்சில் அடைத்த கோயில்களில் பக்தர்களை மறுபடி அனுமதித்தது செப்டம்பர் 1-ம் தேதிதான். அந்த வருடம் நவம்பர் 20-ம் தேதி சூரசம்ஹாரம்கூட கடற்கரையில் கூட்டமே இல்லாமல் நடந்தது. லட்சக்கணக்கான தலைகள் தெரியவேண்டிய இடத்தில் வெறும் மணல். அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிற ஒரு தெருவுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால், "கோடி கோடியா சம்பாதிச்சாங்க" என்று எழுதியிருக்கிறார் அல்லவா, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

அந்த ராத்திரி 8 மணிக்குப் பிறகு...

2020 மார்ச் 24, இரவு 8 மணி. பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவிக்கிறார். அடுத்த நிமிடமே ஊரெல்லாம் பிக்பாஸ்கெட், க்ரோஃபர்ஸ் ஆப்களைத் திறந்தார்கள். ஆர்டர் குவிந்தது உண்மை. ஆனால் கொடுக்க முடிந்ததா? 'டெலிவரி ஸ்லாட் இல்லை' என்ற வரியை அந்த நாள்களில் பார்க்காத சென்னைவாசி யார்? கிடங்குகளை மூடச் சொன்னார்கள், டெலிவரி பையன்களை வழியில் நிறுத்தினார்கள், வேலையாள்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். வடக்கே மில்க்பாஸ்கெட் என்ற நிறுவனம், வண்டிகளை விடாததால் 15,000 லிட்டர் பாலையும் 10,000 கிலோ காய்கறியையும் கொட்டவேண்டி வந்தது என்று சொன்னது. வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போதே சரக்கைக் குப்பையில் கொட்டிய வியாபாரம் அது!

இன்னொரு கணக்கு இதைவிட ஆச்சர்யம். டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ், பங்குச் சந்தையில் உள்ள பெரிய மளிகைப் பெயர். 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் அதன் லாபம் சுமார் 40 கோடி ரூபாய். முந்தைய வருடம் அதே காலாண்டில் சுமார் 323 கோடி! மக்கள் அரிசி, பருப்பு மட்டுமே வாங்கிய காலத்தில் மளிகைக் கடையின் லாபம் எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

எப்படி? பல கடைகள் மூடிக் கிடந்தன, திறந்தவற்றில் நேரக் கட்டுப்பாடு. அதோடு, இதுபோன்ற கடைகளில் அரிசி, பருப்பில் கிடைப்பது சில்லறை லாபம்தான். துணி, பாத்திரம், பிளாஸ்டிக் சாமானில்தான் கை நிறையும். ஊரடங்கில் அத்தியாவசியம் தவிர மற்றதை விற்கத் தடை. கூட்டம் இருந்தது, கல்லா நிறையவில்லை.

வாங்க நினைத்தாலும் வாங்க முடிந்திருக்காது

அடுத்த சிக்கல். 2020 மார்ச்சில் உங்கள் கையில் மூன்று லட்சம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்த ஆன்லைன் மளிகைப் பங்கை வாங்கியிருப்பீர்கள்? பிக்பாஸ்கெட் 2011-ல் பெங்களூரில் தொடங்கிய தனியார் நிறுவனம். பங்குச் சந்தையில் இல்லை. பெரும் முதலீட்டாளர்களில் ஒன்று சீனாவின் அலிபாபா. 2020 ஏப்ரலில் அண்டை நாட்டு முதலீடுகளுக்கு மத்திய அரசு கடிவாளம் போட, கடைசியில் 2021 மே மாதம் டாடா டிஜிட்டல் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. க்ரோஃபர்ஸும் தனியார்தான். நீங்களும் நானும் அந்தப் பந்திக்கு அழைக்கப்படவே இல்லை.

சந்தையில் இருந்தவை எவை? டிமார்ட் கதையைப் பார்த்தோம். ரிலையன்ஸ் 2020 மே மாதம் ஜியோமார்ட்டை சுமார் 200 ஊர்களுக்கு விரித்தது. மார்ச்சில் 900 ரூபாய்க்குக் கீழே போன அதன் பங்கு, செப்டம்பரில் அன்றைய விலையில் 2,300-ஐத் தாண்டியது. ஆனால் அந்த ஏற்றத்துக்குக் காரணம் வெங்காயம், தக்காளி இல்லை. ஃபேஸ்புக் மட்டும் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டது. அதன் பின்னால் வரிசையாக வெளிநாட்டு முதலீடுகள் வந்தன.

மூன்றாவது ஒரு பெயரும் இருந்தது. பிக் பஜாரை நடத்திய ஃப்யூச்சர் ரீடெய்ல். 'சாப்பாட்டுச் சாமான் விற்கிறவன் எந்தக் காலத்திலும் விழமாட்டான்' என்று நம்பி அதை வாங்கியவர்களும் உண்டு. ஊரடங்கு அதன் கடனை நெரித்தது. ரிலையன்ஸுக்கு விற்கப் போட்ட ஒப்பந்தம் அமேசானுடனான வழக்கில் சிக்கியது. 2022 ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. கொரோனாவில் மளிகைப் பங்கு வாங்கியவர்களைப் பற்றிப் பேசும்போது இவர்களை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஒரு லாட் ஜொமேட்டோவின் பயணம்

"அப்போ ஜொமேட்டோ?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2021 ஜூலையில் ஐ.பி.ஓ. ஒரு பங்கு 76 ரூபாய், ஒரு லாட் 195 பங்குகள், மொத்தம் 14,820 ரூபாய். இரண்டாவது அலை ஓய்ந்திருந்த நேரம். வீட்டுக்குள் இருந்தபடியே டீமேட் கணக்கு தொடங்கியவர்கள் நாடு முழுக்க நிறைந்திருந்தார்கள். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் இரண்டே வருடத்தில் 9 கோடியை நெருங்கின.

பங்கு முதல் நாளே 115 ரூபாய்க்கு மேல் பட்டியலானது. நவம்பரில் 160-ஐத் தாண்டியது. அந்த உச்சத்தில் ஆசைப்பட்டு ஒரு லாட் வாங்கியவர் 31,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பார். 2022 ஜூலை கடைசியில் பங்கு விலை 41 ரூபாய் அளவுக்கு விழுந்தது. 31,000 என்பது 8,000 ஆனது. ஐ.பி.ஓ-வில் வாங்கியவருக்கும் ஏறக்குறைய பாதி காலி.

அந்தச் சரிவுக்கு ஒரு காரணம் மளிகை என்பதுதான் வேடிக்கை. க்ரோஃபர்ஸ், 2021 கடைசியில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டு 10 நிமிட டெலிவரிக்கு இறங்கியிருந்தது. கையில் காசு கரைந்துகொண்டிருந்தது. 2022 ஜூனில் அதை 4,447 கோடி ரூபாய் மதிப்புக்கு வாங்குவதாக ஜொமேட்டோ அறிவித்ததும், 'நஷ்டத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள்' என்று சந்தை பங்கைத் தூக்கி எறிந்தது. ஒரு வருடத்துக்கு முன் 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட நிறுவனம் அது. கொரோனாவில் கொழித்ததாக நாம் நினைக்கும் கம்பெனியைப் பாதி விலைக்குத்தான் விற்கமுடிந்தது.

பிறகு கதை திரும்பியது. 2024 டிசம்பரில் ஜொமேட்டோ 300 ரூபாயைத் தொட்டது; காரணம் அதே பிளிங்கிட். ஐ.பி.ஓ-வில் வாங்கிய ஒரு லாட் 58,000 ரூபாய்க்கு மேல். (இப்போது கம்பெனியின் பெயர் எடர்னல்.) ஆனால் இந்த லாபம் யாருக்குக் கிடைத்தது? 41 ரூபாயிலும் விற்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவருக்கு. மூன்றரை வருடம் அந்தப் பணத்தைத் தொடத் தேவையில்லாதவருக்கு. இந்த ஏற்றம் நோய் பரவியபோது வந்ததும் இல்லை. ஊரடங்கெல்லாம் முடிந்த பிறகு, ஒரு பாக்கெட் பாலுக்குக்கூட ஆப்பைத் திறக்கும் பழக்கத்தால் வந்தது.

இன்ஸ்டாமார்ட்டை வைத்திருக்கும் ஸ்விகி 2024 நவம்பரில் 390 ரூபாய்க்கு வந்தது. அடுத்த மாதமே 600. 2025 மே மாதம் 300 பக்கம். ராட்டினம் பிடிக்காதவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டு விலகலாம்.

அண்ணாச்சிக்குத் தெரிந்த கணக்கு

2020-ல் பிக்பாஸ்கெட்டும் க்ரோஃபர்ஸும் திருச்செந்தூர் பக்கம் வரவில்லை. அங்கே ஆன்லைன் மளிகை என்றால் அண்ணாச்சியின் வாட்ஸ்அப்தான். சிட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினால், சாயங்காலம் டி.வி.எஸ் எக்ஸ்.எல்லில் மூட்டை வரும். அந்த ஊர் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் போனில் கேட்டேன், நல்ல சம்பாத்தியமா என்று. சிரித்தார்.

"யாவாரம் கூடிச்சு தம்பி, காசு கூடல. சரக்கு வார லாரி வாடகை ஏறிட்டு. பாதிப் பேரு பற்று நோட்டுல எழுதச் சொல்லிட்டாவ. கோயில் யாவாரிகிட்ட போயி காசு குடுன்னு எப்படிக் கேக்க?"

இதே கணக்கை ஆப்புக்குப் போடுவோம். புரிவதற்காக நானே எழுதும் எண்கள் இவை, எந்தக் கம்பெனியின் கணக்கும் இல்லை. 500 ரூபாய் ஆர்டர். சரக்கில் 15 சதவிகிதம் நின்றால் 75 ரூபாய். டெலிவரிக்கு 40, எடுத்துக் கட்ட 15, கிடங்கு வாடகை, கரன்ட் 20, கூப்பன் தள்ளுபடி 30. மொத்தம் 105. ஆர்டருக்கு 30 ரூபாய் நஷ்டம். ஆர்டர் இரண்டு மடங்கானால் நஷ்டமும் இரண்டு மடங்கு!

அதே வண்டியில் 1,500 ரூபாய் மூட்டை போனால்? 225 ரூபாய் நிற்கும். கூப்பனும் தேவையில்லை. செலவு 100-க்குள் முடிந்தால் 125 லாபம். ஊரடங்கில் ஆப்களுக்குக் கிடைத்த உண்மையான நன்மை இதுதான்: மூட்டை பெரிதானது, தள்ளுபடி குறைந்தது. ஆனால் ஊரடங்கு முடிந்தால் மூட்டை மறுபடி சிறுக்கும். எனவே ஒரு மளிகை ஆப்பின் பங்கைப் பார்ப்பவர் விற்பனை எவ்வளவு கூடியது என்பதற்கு முன்னால் தேடவேண்டிய எண், ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பும், அதில் செலவு போக நிற்பதும்தான். காலாண்டு முடிவுகளோடு கம்பெனிகள் வெளியிடும் அறிக்கையில் இவை இருக்கும்.

(போகிற போக்கில் ஒன்று. சில்லறை வணிகத்தில் வெளிநாட்டு முதலீட்டைக் கடைசிவரை எதிர்த்த வணிகர் சங்கத் தலைவர் த.வெள்ளையனின் சொந்த ஊர் பிச்சிவிளை, திருச்செந்தூருக்குப் பக்கம்தான். 2024 செப்டம்பரில் காலமானார். 2021 மே முழு ஊரடங்கில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே மளிகை கொண்டுபோக அரசு அனுமதி தந்தபோது, தெருத்தெருவாக வண்டியில் போனவர்களில் அவருடைய சங்கத்து வியாபாரிகளும் உண்டு.)

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் இன்ஸ்டாகார்ட்டை 2021 மார்ச்சில் 3,900 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2023 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 1,000 கோடி டாலர். இடையில் வியாபாரம் ஒன்றும் நின்றுபோகவில்லை.

சரி, அந்த மூன்று லட்சம்?

நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. எந்தப் பங்கை வாங்கு, விற்காதே என்று சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன், உங்கள் மெயிலிலேயே ஒரு எண் இருக்கிறது: அஞ்சு மாசம். உங்கள் கடை எத்தனை நாள் சாத்திக் கிடக்கும் என்று வேறு யாரையும்விட உங்களுக்குத் தெரியும். அந்த அஞ்சு மாத வீட்டுச் செலவும், கடை வாடகையும், பிள்ளைகள் ஃபீஸும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை வங்கியிலோ தபால் நிலையத்திலோ, கேட்டதும் கிடைக்கிற மாதிரி இருக்கட்டும். அடுத்த நோய் வரும் மார்ச்சில் பங்குச் சந்தையும் சேர்ந்தே விழும். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கடை பூட்டியிருக்கும்போது பாதி விலைக்குப் பங்கை விற்று அரிசி வாங்கும் நிலை வந்தால், நீங்கள் "அந்தப் பக்கம்" போய் என்ன பயன்?

அதுபோக மிஞ்சுவதில் ஒரு பகுதியை, ஐந்தாறு வருடம் மறந்துவிடக்கூடிய பகுதியை, பங்கில் போடுவது உங்கள் விருப்பம். ஒரே கம்பெனியாக வாங்காமல், பல துறைகள் கலந்த இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போட்டால் ராத்திரி தூக்கம் வரும்.

மெயிலின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்னைப் பயமுறுத்தியது அதுதான். 'இன்னும் ஐ.பி.ஓ வராத மளிகை ஆப்பின் பங்கை இப்பவே வாங்கித் தருகிறோம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சொல்கிறார்களாம். பட்டியலாகாத பங்குகளை வாங்கிவிட்டால் நினைத்தபோது விற்க முடியாது. சொன்ன விலைதான் விலை. அதைவிட, குரூப்பில் இருப்பது தரகரா, திருடரா என்றே தெரியாது. செபி இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அந்தப் பெயரைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் இலவச எண் 1800 266 7575. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு 1930 என்ற சைபர் க்ரைம் எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு.

எனக்கும் உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது, அண்ணன். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயிலுக்கு வந்து உங்களிடம் கற்கண்டு வாங்கிப்போன மதுரைக்காரர், சென்னைக்காரர் போன் நம்பர் எத்தனை பேருடையது உங்களிடம் இருக்கிறது? அடுத்த மெயிலில் எழுதுங்கள்.