குத்திய காது ஆறும் முன்னே கழற்றச் சொல்லலாமா?

புத்தலப்பட்டு:

மாங்கூழ் சீசன் தொடங்கிவிட்டால் சித்தூர் வட்டாரத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் தொழிற்சாலைகள் இராப்பகலாக ஓடுகின்றன. காய் கழுவவும், தரம் பிரிக்கவும், டின் அடைக்கவும் பெண்கள் வேண்டியிருக்கிறார்கள். எல்லை தாண்டி வந்து பிழைக்கும் தமிழ்ப் பெண்களும் இவர்களில் உண்டு. வேலைக்குள் நுழையும்போது அவர்களுக்குச் சொல்லப்படும் விதி எளியது: தலைக்கு உறை, கைக்கு உறை, உடம்பில் நகை கூடாது.

வளையலைக் கழற்றுவதில் கஷ்டமில்லை. பல வருஷமாகப் போட்ட கம்மலையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்ளலாம். சிக்கல் வருவது, பத்து நாளைக்கு முன்புதான் காதோ மூக்கோ குத்திக்கொண்டவருக்கு. கழற்றினால் துளை தூர்ந்துவிடும். கழற்றாவிட்டால் அன்றைய கூலி போய்விடும்.

கடுகளவு பொன்னுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் இதே கடுகளவு பொன் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசனக் கோர்ட்டு வரை போயிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளியின் நகை பற்றிய பேச்சு, மத்திய அரசே மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்கு முற்றியிருக்கிறது. ஆகவே விதி எதற்காக, அது யாருக்கு, எந்த அளவுக்கு என்பதைப் பார்ப்பது அவசியமாகிறது.

துளை ஆறும் கணக்கு

காது மடலின் கீழ்ச்சதையில் குத்திய துளை ஆற ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மூக்கின் பக்கத்துத் துளைக்கு இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். இப்போது இளவயதினர் குத்திக்கொள்ளும் மேல்காதுக் குருத்தெலும்பு, மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை எடுத்துக்கொள்ளும். இந்தக் கெடுவுக்குள் எட்டு மணி நேர ஷிப்டுக்காகக் கழற்றி வைத்தால், மாலையில் துளை சுருங்கிவிடுகிறது. திரும்பப் பலவந்தமாகச் செருகினால் புண்ணாகிறது, சீழ் வைக்கிறது.

இது நம் பாட்டிமார்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. கம்மல் வாங்கக் காசில்லாத வீட்டில் துளை தூராமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகி வைத்தார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி செய்வதும் அதே வேலைதான். ஆனால் புதுப் புண்ணில் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகுவது கூடாது. மாங்காய்த் தொழிலில் இன்னொரு தொல்லையும் உண்டு. காம்பிலிருந்து வடியும் பால் நல்ல தோலையே புண்ணாக்கும். ஆறாத காதில் அந்தக் கை பட்டால் சொல்ல வேண்டியதில்லை.

விதிக்குக் காரணம் உண்டு

விதி முழுவதும் நிர்வாகத்தாரின் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. உணவுப் பாதுகாப்பு தொடர்பாக 2011ல் மத்திய அரசு வெளியிட்ட லைசென்ஸ் விதிமுறைகள், உணவைக் கையாளுகிறவர்கள் அதில் விழுந்துவிடக்கூடிய தளர்ந்த நகைகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்கின்றன. கம்மலின் திருகாணி கழன்று கூழில் விழுந்தால், அது போய்ச் சேரும் இடம் எங்கோ ஒரு குழந்தையின் வாய். சுழலும் யந்திரத்தருகே தொங்கட்டான் போட்டு நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே ஆபத்தைத் தடுக்கும் விதிக்குத் தொழிலாளியும் கட்டுப்பட வேண்டியவரே. ஆனால் நகையைக் கழற்றச் சொல்வது ஒன்று. நகை போடுவார் என்பதற்காக ஆளையே எடுக்காமல் விடுவது வேறு. இந்த வித்தியாசம் ஸ்ரீபெரும்புதூர் விவகாரத்தில் வெளிப்பட்டது.

அங்குள்ள பாக்ஸ்கான் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் நிறுவனம் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, பிரசவம் ஆகியவற்றோடு, மணமான இந்துப் பெண்கள் அணியும் நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதாக அச்செய்தி தெரிவித்தது. ஆள் எடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்ற 1976ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் மணமான பெண்கள் என்றும், உலோகம் அணியக் கூடாது என்பது ஆண், பெண், மதம் எதுவும் பாராமல் அனைவருக்கும் உள்ள பாதுகாப்பு விதி என்றும் கம்பெனி அரசுக்குப் பதில் சொன்னது.

இந்தப் பதிலிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. விதி உண்மையிலேயே பாதுகாப்புக்காக என்றால், அது மானேஜரின் மோதிரத்துக்கும் சூப்பர்வைசரின் கைக்கடிகாரத்துக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும். கூலிக்காரப் பெண்ணின் காதுக்கு மட்டும் பொருந்துமானால் அது பாதுகாப்பு அல்ல.

டர்பன் மூக்குத்தி

ஆபத்து எதுவும் இல்லாத இடத்தில், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் விதி போட்டால்? அதற்குப் பதில் டர்பன் நகரத்திலிருந்து வருகிறது.

1860ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது. அதன் பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆற்காடு முக்கியமானது. 1911 வரை சித்தூரும் அந்த வட ஆற்காட்டில்தான் இருந்தது. அப்படிக் கடல் கடந்த தமிழர் வழியில் வந்த ஒரு மாணவி, 2004ல் பள்ளி விடுமுறையில் மூக்குக் குத்தி ஒரு சிறு பொன் மூக்குத்தி போட்டுக்கொண்டாள். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி அதைக் கழற்றச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்கள் செய்து வருவது இது, நாகரிகத்துக்காக அல்ல என்று தாயார் எழுதிக்கொடுத்தும் பள்ளி ஒப்பவில்லை.

வழக்கு மூன்று கோர்ட்டுகள் ஏறியது. சமத்துவக் கோர்ட்டு பள்ளியின் பக்கம் நின்றது. ஹைகோர்ட்டு அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5ந் தேதி அரசியல் சாசனக் கோர்ட்டு, தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பில், மாணவிக்குச் சாதகமாக முடிவு கூறியது. இந்தத் தீர்ப்பில் மூன்று விஷயங்கள் நாம் கவனிக்கத் தக்கவை.

முதலாவது, அந்தப் பள்ளியின் விதி காதில் சிறு கம்மலை அனுமதித்தது, மூக்குத்தியைத் தடுத்தது. இரண்டும் உடம்பில் துளை போட்டு அணிவதுதான். ஒரு சாராருக்குப் பழக்கமானதைச் சாதாரணம் என்றும், மற்றவருடையதை விதிமீறல் என்றும் கொள்வது நடுநிலை ஆகாது என்று கோர்ட்டு கருதியது. இரண்டாவது, மூக்குத்தி மதத்தின் கட்டாயம் அல்ல என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் ஒருவர் மனமார மேற்கொள்ளும் பழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார்கள். மூன்றாவது, விதியையே ரத்துச் செய்யவில்லை. நியாயமான விலக்கு கேட்பதற்கும் கொடுப்பதற்கும் விதியில் வழி வையுங்கள் என்று பள்ளிக்கு உத்தரவிட்டார்கள். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். பலன் அவளுக்குப் பின் வந்தவர்களுக்கு.

இரண்டு சங்கிலிகள்

அது பள்ளிக்கூடம், இது பிழைப்பு என்று சொல்பவர்களுக்கு 2013 ஜனவரி 15ந் தேதி ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு ஒரே நாளில் கூறிய முடிவு பதிலாகும். அதில் இரண்டு பெண் ஊழியர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். இருவரும் கேட்டது கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணியும் உரிமை.

ஒருவர் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியில் பயணிகளைப் பதிவு செய்யும் சிப்பந்தி. 2006ல் சங்கிலியை மறைக்க மறுத்ததால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கம்பெனியின் தோற்றம் கெடும் என்பதே காரணம். அவர் பக்கம் தீர்ப்பானது. மற்றவர் ஆஸ்பத்திரி நர்ஸ். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுத்தால் ஆபத்து, காயத்தில் பட்டால் தொற்று என்று ஆஸ்பத்திரி சொன்னது. அவர் வழக்கு தோற்றது.

அணிந்த பொருள் ஒன்றுதான், முடிவு இரண்டு. தோற்றத்துக்காக என்றால் ஊழியரின் பக்கம் தராசு சாய்கிறது. உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்து என்றால் நிர்வாகத்தின் பக்கம் சாய்கிறது. அந்நிய நாட்டுத் தீர்ப்புகள் இங்கே நம்மைக் கட்டுப்படுத்தா என்பது உண்மை. ஆனால் நியாயத்தின் போக்கு எல்லா ஊருக்கும் ஒன்றே.

இங்கே நிலைமை என்ன?

1946ம் வருஷத்து நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள், மேலதிகாரியின் சட்டபூர்வமான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாததைத்தான் குற்றம் என்றன. ‘நியாயமான’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் தொழிலாளியின் பிடி இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில்தான் நிலையாணைகள் கட்டாயம். அதற்குக் குறைந்த இடத்தில், அதிலும் காண்டிராக்டில் வந்த சீசன் ஆளுக்கு, மேஸ்திரி வாய் திறந்து சொல்வதே சட்டம் என்றாகிறது.

மொழியும் ஒரு தடை. நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் போர்டில் ஒட்ட வேண்டும் என்று பழைய சட்டம் சொன்னது. இந்தப் பக்கம் பெரும்பான்மை மொழி தெலுங்கு. தெலுங்கு பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண், விதியை முதன்முதலாகக் கேட்பது செக்யூரிட்டியின் அதட்டலில்தான். 2017 மே 7ந் தேதி நடந்த நீட் தேர்வின்போது, கம்மலையும் மூக்குத்தியையும் வாசலில் நின்று கழற்றிய தமிழ்நாட்டுப் பெண்களின் பதற்றம் பலருக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு நாள் சங்கடம். இங்கே சீசன் முழுவதும்.

செய்யத் தக்கது

நிர்வாகத்தார் செய்யக் கூடியது அதிகச் செலவு பிடிப்பதல்ல. நகை விதியை ஆள் சேர்க்கும்போதே, அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிவிடலாம். புதுத் துளையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் ஆறு வாரத்துக்கு லேபிள் எண்ணும் இடத்துக்கோ, பெட்டி அடுக்கும் இடத்துக்கோ, கூலி குறையாமல் மாற்றலாம். கூழில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிவதற்காக உணவுத் தொழிற்சாலைகளில் நீல நிறப் பிளாஸ்திரி பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. நகை அனுமதிக்கப்படும் பகுதிகளில் பொட்டுக் கம்மலின் மேல் அதை ஒட்டி, மேலே தலையுறையை இழுத்து விட்டால் தீர்ந்தது.

ஆபீஸ்களில் இந்தத் தொல்லைக்கே இடமில்லை. கடுக்கன் போட்ட குமாஸ்தாக்கள் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் கச்சேரிகளில் கணக்கு எழுதினார்கள். கணக்கு தப்பவில்லை. இன்று ஓர் இளைஞன் ஒற்றைக் கம்மலோடு கவுண்டரில் உட்கார்ந்தால் டிக்கெட் தவறாகக் கிழிந்துவிடாது.

தொழிலாளர்களும் காலம் பார்த்துச் செய்வது நல்லது. குழந்தைக்குக் காதுகுத்து எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். வேலைக்குப் போகிறவர் தை, மாசியில் குத்திக்கொண்டால், கிளிமூக்கு வந்து இறங்குவதற்குள் காதுமடலும் மூக்கும் ஆறிவிடும். அதற்குள் வேலைக்குப் போக நேர்ந்தால் குத்திய தேதியைச் சொல்லி, கெடு கேட்டு எழுதிக்கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். தினம் இரண்டு வேளை உப்பு நீரில் கழுவ வேண்டும். நகையைத் திருகக் கூடாது. நிக்கல் கலந்த மலிவு கம்மல் அரிப்பைக் கொண்டுவரும். மேல்காது வீங்கிச் சிவந்தால் மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு காத்திராமல் டாக்டரிடம் போக வேண்டும். யந்திரத்தருகே வேலை என்றால், துளை ஆறும் வரை வேறு இடம் கேட்பதே புத்திசாலித்தனம். துளை போனால் மறுபடி குத்திக்கொள்ளலாம்.

ஆறு வாரம் என்பது ஒரு கம்பெனிக்குப் பெரிய காலமல்ல. அந்த ஆறு வாரக் கூலி, பிழைக்க வந்த ஒரு குடும்பத்துக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு. காதா, கூலியா என்ற கேள்வியைத் தொழிற்சாலை வாசலில் ஒரு பெண்ணிடம் கேட்காமல் இருக்க வழி இருக்கிறது. வழி இருந்தும் கேட்பதுதான் தவறு.