'ஹோல்ட் அப்' என்றால் தாமதப்படுத்து?

மாணவர்கள் மனனம் செய்யும் கைடு ஒன்றில் 'ஹோல்ட் அப் – தாமதப்படுத்து' என்று கண்டோம். அவ்வளவுதான், மேற்கொண்டு விளக்கமில்லை. இதை நம்பிய மீனவக் குடும்பத்து மாணவி ஒருவர், 1964 புயலைப் பற்றிய ஆங்கிலப் பத்தியில் பாம்பன் தூக்குப்பாலம் 'ஹெல்ட் அப்' என்றிருந்ததைத் 'தாமதப்படுத்தியது' என்று பெயர்த்தார். வகுப்பு சிரித்தது. ஆங்கிலம் தமக்கு வராது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். குற்றம் அவருடையதன்று, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே எனப் பழக்கிய ஆசிரியர்களாகிய நம்முடையது.

அந்தப் பாலத்தைக் கொண்டே இதனை விளக்கியிருக்கலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூண்கள் தண்டவாளத்தைத் தாங்கின. அது ஹோல்ட் அப். கப்பல் கடக்கத் தூக்குப்பாலம் திறந்திருக்கையில் இரயில் வந்தால் நின்றாக வேண்டும். அதுவும் ஹோல்ட் அப். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில் கர்டர்கள் பல கடலில் விழுந்தும் தூக்குப்பாலம் குலையாது நின்றது. அதுவும் அதே சொல். துப்பாக்கி காட்டி வழிமறிப்பதற்கும் அதுவே. விழாமல், நகராமல் பிடித்து நிறுத்துதல் என்ற ஒரு கருத்தின் கிளைகளே இவையனைத்தும். வேரைக் காட்டினால் கிளைகளை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

"ஆங்கிலம் ஒழுங்கற்ற மொழி, தமிழில் இத்தொல்லை இல்லை" என்று பெருமிதம் கொள்ளும் தமிழாசிரிய நண்பர்களுக்கு ஒரு வினா. பட்டம் விடுகிறோம், மூச்சு விடுகிறோம், வழி விடுகிறோம், விடுமுறை விடுகிறோம், நம்பியவரைக் கை விடுகிறோம். 'வந்துவிட்டான்' என்கிறோமே, வந்தவன் எதை விட்டான்?

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பலபொருள் ஒருசொல்லை எடுத்துப் பேசியவர். வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்று வழியும் காட்டியவர். இலக்கண வகுப்பில் இதை ஒப்பிக்கவைக்கும் நாமே, மொழிபெயர்ப்பு வகுப்பில் சார்பை அறுத்தெறிந்த பட்டியலை நீட்டுகிறோம். என்ன முரண்!

தேர்வுக்குப் பட்டியலே எளிது என்பார்கள். எளிதுதான், கற்பிப்பவருக்கு. நூறு சொற்களை ஒப்பித்தும் ஒரு பத்தி விளங்காத மாணவருக்கு அதனால் ஆவதென்ன?

2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு, இராமேசுவரத்துக்கு மீண்டும் இரயில் ஓடுகிறது. பழைய பாலத்துக்கே மாற்று வந்துவிட்டது; அந்த கைடு மட்டும் மாறவில்லை. அதை மூடிவைப்போம். நான்கு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று அந்த மாணவியிடமே கேட்போம். கடலையும் கயிற்றையும் அறிந்தவர் அவர். நம்மைவிடச் சரியாகவே சொல்வார்.