ஞாயிற்றுக்கிழமையின் கேள்வி

இறையியல் படித்தால் விசுவாசம் போய்விடும் என்ற அச்சம் சபைகளில் இன்றும் உண்டு. விசுவாசி செய்வது ஆய்வே ஆகாது என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் உண்டு. இரு தரப்பாருக்கும் இறையியலாளர் கார்ல் பார்த்தின் கதையை நினைவூட்டத் தோன்றுகிறது.

1911இல் சுவிட்சர்லாந்தின் சாஃபன்வில் என்ற சிற்றூருக்குப் போதகராகப் போனார் அவர். சபையில் ஆலைத் தொழிலாளர்கள் அதிகம். பெர்லினில் ஹார்நாக்கிடமும் மார்பர்க்கில் ஹெர்மனிடமும் பயின்றவர். அன்றைய இறையியலில் அவர்களுக்கு மேல் பெயர்கள் இல்லை. 1914 அக்டோபரில் ஜெர்மனியின் போரை நியாயப்படுத்தி 93 அறிவாளிகள் அறிக்கை விட்டார்கள். கையெழுத்துகளில் அந்த இரு ஆசான்களுடையவையும் இருந்தன. இவ்வளவு கற்றும் இங்கேதான் வந்து நிற்க முடியுமென்றால், கற்பித்த முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று பார்த் முடிவுக்கு வந்தார்.

ஆனாலும் ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் ஏறியாக வேண்டும். எதிரே இருக்கும் தொழிலாளியிடம் கடவுளைப் பற்றி எந்தத் துணிவில் பேசுவது? அந்தத் தவிப்போடு பவுலின் ரோமர் நிருபத்தை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கவுரை எழுதினார். 1919ஆம் ஆண்டைத் தாங்கி வந்த அந்த உரையை, 1922 பதிப்புக்காக மீண்டும் அடியோடு மாற்றி எழுதினார். முனைவர் பட்டம் இல்லாத அந்தப் போதகரை கோட்டிங்கன் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

பேராசிரியரின் நாற்காலியை இவர் பிரசங்க பீடமாக்குகிறார் என்று 1923இல் ஹார்நாக் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூலப்படிகளை ஒப்பிடவும், ஒரு சொல் பவுலின் காலத்தில் என்ன பொருள்பட்டது என்று அறியவும் ஹார்நாக் போன்றோரின் உழைப்பு நமக்கு வேண்டும். பார்த்தும் அதை வேண்டாமென்று சொன்னவரல்ல. அந்த வேலை முடிந்த பிறகும் பவுல் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறதே என்றார். இறையியலுக்கு அந்த மிச்சம்தான் உயிர் என்று நாங்கள் கருதுகிறோம். அதைக் கேட்கத் தூண்டுவது விசுவாசம்.

விசுவாசம் மட்டும் போதும் என்பவர்கள் 1934ஐப் பார்க்கட்டும். பக்தியில் குறையில்லாத எத்தனையோ பேர் ஹிட்லரைக் கடவுள் தந்த தலைவராகக் கொண்டாடினார்கள். அந்த மே மாதம் ஜெர்மனியின் பார்மனில் கூடிய திருச்சபையினர், கிறிஸ்துவின் இடத்தில் வேறொரு தலைவனை வைக்க மாட்டோம் என ஆறு கூற்றுகளில் அறிக்கையிட்டார்கள். அதன் வாசகம் பெரும்பாலும் பார்த்தின் கைவண்ணம். சொற்களை எடைபோடக் கற்றவரால்தான் அதை எழுத முடிந்தது.

அதே ஆண்டு, அரசு ஊழியர் எல்லோரும் ஹிட்லர் பெயரில் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. பார்த் அப்போது பான் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஒரு கிறிஸ்தவனாக நான் பொறுப்பேற்கக்கூடிய அளவில் என்ற தொடரைச் சேர்த்தால் எடுக்கிறேன் என்றார். 1935இல் வேலை போயிற்று.