டில்லித் தமிழ்க் குமாஸ்தாவும் ஆட்சிமொழி விதிகளும்

1976-ம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா. ஆனால் விலக்கு மாநிலத்துக்குத்தான். ரயிலேறி டில்லி வந்த தமிழ்க் குமாஸ்தாவுடன் அது வரவில்லை.

அவருக்குத் துணை எட்டாவது விதி. கோப்பில் குறிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். மொழிபெயர்ப்பை அவரிடமே கேட்கக் கூடாது. இதிலும் ஒரு சுருக்கு உண்டு. குறிப்பிட்ட அலுவலகங்களில், இந்தியில் புலமை பெற்றவர்கள் இந்தியில் மட்டுமே எழுத வேண்டுமென மத்திய அரசு உத்தரவிடலாம். புலமை பெற்றவர் யார்? புலமை உண்டென்று படிவத்தில் கையெழுத்திட்டவரும் அதில் அடக்கம் என்கிறது ஒன்பதாவது விதி.

பிராக்ஞா பரீட்சையில் தேறினால் வருவது நடைமுறை அறிவு மட்டுமே, புலமை வேறு. இந்தி படிப்பதில் நஷ்டமில்லை, கரோல்பாகில் காய்கறி வாங்கவாவது உதவும். மேலதிகாரியின் முகதாட்சண்யத்துக்காக அந்தப் படிவத்தில் கையெழுத்திடுவதுதான் வினை.