குழந்தைகளும் அழகுப் போட்டிப் பயிற்சியும்

நான்கு வயதுக் குழந்தையை அழகுப் போட்டி மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் அதற்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுப்பது, யாரிடம் கொடுப்பது, எவ்வளவு பணம் செலவிடுவது என்னும் கேள்விகளை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல பெற்றோர்கள் மெய்யான கவலையோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தம் குழந்தை பலர் முன்னிலையில் திகைத்து நின்றுவிடக் கூடாதே என்னும் பரிவிலிருந்துதான் அது பிறக்கிறது. ஆயினும், அக்கேள்விகளுக்குரிய விடையைக் குழந்தையின் சுபாவத்திலிருந்தே தேட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அந்நாட்டுப் போட்டிகளில் இரண்டு வகை உண்டு. 'நேச்சுரல்' என்று வழங்கும் ஒரு வகையில் குழந்தை தன் வயதுக்குரிய உடையோடும் வாரி முடித்த தலையோடும் வந்து, நடந்து, இரண்டொரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறது. 'கிளிட்ஸ்' என்னும் மற்றொரு வகையிலோ, பால்பற்கள் விழுந்த இடைவெளியை மறைக்க 'ஃப்ளிப்பர்' எனப்படும் பொய்ப்பல் வரிசை, செயற்கை முடி, வெயில் பட்டது போன்ற நிறத்தைத் தோலுக்கு ஏற்றும் சாயத் தெளிப்பு, மினுமினுக்கும் கற்கள் பதித்த விலையுயர்ந்த உடை ஆகிய யாவும் ஏறக்குறைய நியதியாகவே ஆகிவிட்டன. 2009-ஆம் ஆண்டு முதல் டி.எல்.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'டாட்லர்ஸ் அண்ட் டியாராஸ்' நிகழ்ச்சி இந்த உலகத்தை வீடுதோறும் கொண்டுவந்து காட்டிற்று. இதற்கென்றே தொழில்முறைப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மேடையில் குறித்த இடங்களில் நின்று திரும்புவதும், பாதங்களை அழகாகச் சேர்த்து வைப்பதும், ஒவ்வொரு நடுவரின் கண்ணையும் முறையாகச் சந்திப்பதும், முத்தத்தைக் காற்றில் பறக்கவிடுவதும், இவ்வளவுக்கும் இடையே சிரிப்புக் குன்றாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் கற்பிக்கும் பாடங்கள்.

இப்பயிற்சியின் உண்மையான தன்மையை, அந்தப் போட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வழக்கமே வெளிப்படுத்திவிடுகிறது. குழந்தை மேடையில் நிற்கும்போது, நடுவர்களின் ஆசனங்களுக்குப் பின்னால் தாயோ பயிற்சியாளரோ நின்றுகொண்டு, தலைச்சாய்ப்பு முதல் கையசைப்பு வரை ஒவ்வொன்றையும் தாமே செய்து காட்ட, குழந்தை அதைப் பார்த்துப் பார்த்து அவ்வண்ணமே செய்கிறது. எத்தனையோ முறை ஒத்திகை பார்த்த பின்பும் அந்த அசைவுகள் குழந்தைக்குச் சொந்தமாகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ? பார்த்ததைப் போலச் செய்யும் சக்தி நான்கு வயதில் நிரம்ப உண்டு, ஆனால் எதற்காகக் கண்ணைச் சிமிட்ட வேண்டும், யாரை மகிழ்விக்க இடுப்பை ஒசிக்க வேண்டும் என்பதை அந்த வயது அறியாது, அறியவும் கூடாது. பொருள் விளங்காத ஒரு செயலைப் பிழையின்றிச் செய்விக்க வேண்டுமானால், சலிப்புத் தட்டும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதும், மிட்டாய் காட்டி ஆசையூட்டுவதும், முகத்தைக் கடுமையாக்கிக் கொள்வதும் தவிர வேறு உபாயம் இல்லை. முடிவில் மேடையில் மதிப்பிடப்படுவது பெரியவர்களின் பிரயாசையே. கிரீடம் கிடைக்காதபோது மட்டும், வாடிய தாய்முகத்தைப் பார்த்து, தவறு தன்னுடையதே என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது.

சபைக் கூச்சம் நீங்கும், தைரியம் வளரும், பலரோடு பழகும் பாங்கு வரும் என்று பெற்றோர்கள் சொல்லும் நியாயங்களை நான் முற்றிலும் புறக்கணிக்கவில்லை. கூச்சம் நீங்க வேண்டியதுதான். ஆனால் அதற்குத் தேவையான பயிற்சி மிகச் சொற்பம். வீட்டாரின் முன்னிலையில் இரண்டொரு முறை நடந்து காட்டி, வணக்கம் தெரிவித்து, பெயரைத் தெளிவாகச் சொல்லப் பழகினால் போதும். அதற்கு மேற்பட்ட பயிற்சி, தைரியத்தை வளர்ப்பதற்குப் பதிலாக, பிறர் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறோம் என்னும் ஓயாத விசாரத்தையே வளர்க்கும். பெண் குழந்தைகளைத் தோற்றத்தையே கொண்டு மதிப்பிடும் போக்கினால் அவர்களுடைய மனநலத்துக்கு நேரும் தீமைகளை அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2007-இல் தன் அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தது.

இளமையிலேயே கடும் பயிற்சி பெற்றுப் பெரும் புகழ் அடைந்தவர்கள் நம்மிடையே இல்லையா என்று கேட்கலாம். அவ்வை தி.க. சண்முகம் 1918-இல், ஆறு வயதுப் பாலகராய், சங்கரதாஸ் சுவாமிகளிடம் நாடகம் பயிலச் சேர்ந்தவர். அக்காலத்துப் பாலர் நாடக சபைகளில் இருந்த கண்டிப்பை நான் போற்றவில்லை. எனினும், அங்கே பயின்ற பிள்ளை பாட்டையும் வசனத்தையும் தாளத்தையும் கற்றான். மேடையை விட்டு இறங்கிய பின்னும் அந்த வித்தை அவனோடு இருந்தது. பரதமோ வாய்ப்பாட்டோ பயிலும் குழந்தையும் அப்படியே வயதோடு வளரும் ஒரு செல்வத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அழகுப் போட்டிப் பயிற்சி குழந்தைக்கு விட்டுச் செல்வது என்ன? பொய்ப்பல்லைக் கழற்றி, சாயத்தைக் கழுவிய பிறகு, தன் சொந்த முகம் போதாது என்னும் எண்ணம் ஒன்றே எஞ்சுமானால், அந்தப் பயிற்சி பத்து மணி நேரமானாலும் பத்து நிமிஷமானாலும் அதிகமே.

இவ்விஷயத்தில் சட்டத்தின் துணையையும் சில தேசங்கள் நாடியிருக்கின்றன. பிரான்ஸில், ஷான்டால் ஜுவானோ என்னும் உறுப்பினரின் முயற்சியால், 16 வயதுக்குட்பட்டோருக்கான அழகுப் போட்டிகளைத் தடுக்க வேண்டுமென்று செனட் சபை 2013 செப்டம்பரில் வாக்களித்தது. அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியபோது அந்தத் தடை 13 வயதுக்குட்பட்டவர்களோடு நின்றது. நம் நாட்டிலோ, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகள், கலைஞராகப் பங்கேற்கும் குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றும், ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தலாகாது என்றும், விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்கச் செய்யலாகாது என்றும் கூறுகின்றன. குழந்தையின் சம்மதத்தை விதியாகவே எழுதிவைத்திருப்பது போற்றத்தக்கது. ஆனால் படப்பிடிப்புத் தளத்துக்கு விதி உண்டு. வீட்டுக் கூடத்தில், கண்ணாடியின் முன்னால், மாலைதோறும் நடக்கும் ஒத்திகைக்கு விதி வகுக்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது. அந்த இடத்தில் பெற்றோரின் விவேகமே சட்டம்.

வணிக வளாகங்களிலும் பள்ளி விழாக்களிலும் குழந்தைகளுக்கான அழகுப் போட்டிகளும் மாறுவேடப் போட்டிகளும் நம் ஊர்களிலும் பெருகிவரும் இந்நாளில், பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. மாறுவேடம் போட்டுக்கொள்வதில் குழந்தைக்கு உள்ள ஆனந்தம் இயற்கையானது; அதை மறுக்க வேண்டாம். விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். 'போதும்' என்று குழந்தை சொன்ன கணத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கெனச் சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்தாதீர்கள். மேடையில் அது வசனத்தை மறந்து சிரித்துவிட்டு ஓடிவந்தால், வாரி அணைத்துக்கொள்ளுங்கள். பரிசு ஒன்றுக்காக அதன் விளையாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் பறிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் கிடையாது.