தீவன மூட்டைக்கும் ஓர் இடம்

கறவை மாட்டுக்கோ கோழிக்கோ கடன் கேட்கும்போது, கால்நடையின் விலையையும் கொட்டகைச் செலவையும் கணக்கிடுகிறோம். தீவன மூட்டையை எங்கே வைப்பது என்று எண்ணுவதில்லை. ரங்கத்தில் இது சிறு குறை அன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவில், கப்பலேறி வந்த தீவனத்தில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அதை ஆராய்ந்தபோதுதான் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு தெரியவந்தது. பசு தின்ற நஞ்சு பாலிலும் கலக்கும், காய்ச்சினாலும் நீங்காது. நம் நாட்டில் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமே அதன் உச்சவரம்பு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இந்நஞ்சைச் சோதித்துச் சொல்கிறது.

தடுக்கும் வழி எளியது. மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குங்கள், பழையதை முதலில் செலவிடுங்கள், கட்டிதட்டியதை ஒதுக்குங்கள். அடுத்த கடன் விண்ணப்பத்தில் தீவன அறைக்கும் ஒரு வரி எழுதுங்கள். வங்கியும் அதை வீண்செலவாகக் கருதலாகாது. அச்சிறு தொகை கடன் பணத்தையும் காக்கும். உங்கள் பாலைப் பருகும் குழந்தையையும் காக்கும்.